கட்டுமரம் எங்கட சொல்லுத்தான். அதுக்குப் பிறகு?

வருசத்துக்கு ஒருக்காவாவது அந்தப் படம் எங்கட போனுக்கு வந்துவிடும். நீலக் கடல், வெள்ளைப் பாய், இரண்டு உடல் கொண்ட பளபளப்பான ஒரு படகு. மேலே தடித்த எழுத்தில்: 'கட்டமரான் தமிழ்ச் சொல் என்பது தெரியுமா? தமிழனாக இருந்தால் பகிரவும்.' போன மாசம் எங்கட பீடத்து வட்ஸ்அப் குழுவிலும் வந்தது. முப்பது பேருக்கு மேல் நெருப்புக் குறி போட்டார்கள். இதில் பாய் கட்டின வள்ளத்தில் ஒரு தடவையாவது ஏறினவர் யார் என்று நாங்கள் கேட்டோம். குழு அமைதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அப்போது நாங்களும் ஏறியிருக்கவில்லை.

நாங்கள் முந்தல் பக்கத்துப் பிள்ளைகள். ஒருத்தி உடப்பு, ஒருத்தர் ஆண்டிமுனை, ஒருத்தர் மதுரங்குளி, மற்றவர்கள் முந்தல் டவுனுக்குக் கிட்ட. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களப்பு, நடுவில் ஒல்லாந்தர் வெட்டின வாய்க்கால். தண்ணீருக்கு நடுவில் வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் எல்லாருக்கும் வீட்டில் கிடைத்த முதல் மிரட்டல் ஒன்றுதான்: 'படிக்காட்டிக் கடலுக்குத்தான் போகவேணும்.' கரைவலை இழுக்கிற அப்பாவே தன் மகனுக்கு இதைச் சொல்லுவார். மீன் வாங்க வருகிற வாத்தியாரும் சொல்லுவார். 'மீன்காரன்' என்பதைத் திட்டுகிற சொல்லாக வகுப்பறையில் கேட்டு வளர்ந்தோம்.

இப்போது அந்தப் போஸ்டரைத் திரும்பப் பாருங்கள். கட்டுமரம் தமிழனின் பெருமை. கட்டுமரத்தில் போகிற ஆள் தமிழனின் கேவலம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லுகிற ஒரு சமூகத்துக்குச் சொல்லைப் பற்றிப் பெருமைப்பட என்ன உரிமை? இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்கிறது இதைத்தான்.

*

முதலில் அந்தப் பெருமையின் கணக்கையே பார்ப்போம். சொல் எங்களுடையதுதான். அதில் சண்டை இல்லை. கட்டு, மரம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் பார்த்த மரக்கட்டைக் கலங்களை இந்தப் பெயரால் எழுதினார். அங்கிருந்து சொல் ஆங்கிலத்துக்குப் போனது.

ஆனால் அவர் பார்த்தது என்ன? லேசான மரக்கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்த ஒரு மிதவை. அதற்கு உள் இல்லை, வெளி இல்லை. தண்ணீர் கட்டைகளுக்கு நடுவால் வரும், போகும். அலை உடைகிற கரையில் ஏறி இறங்க அதைவிட நல்ல கலம் இல்லை, ஏனென்றால் மூழ்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. எங்கட கரையில் 'தெப்பம்' என்று சொல்வதும் இந்த இனம்தான். இன்றைக்கு உலகம் கட்டமரான் என்று சொல்லும் படகு வேறு. இரண்டு தனித்தனி உடல்கள், நடுவில் வெறும் இடைவெளி, மேலே பாலம் போல ஒரு தளம். அந்த யோசனை எங்கட கட்டுமரத்தில் இருந்து போகவில்லை.

அது பசிபிக் சமுத்திரத்தின் யோசனை. பொலினீசியத் தீவு மக்கள் இரட்டை வள்ளங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஹவாய், தஹிட்டி, நியூசிலாந்து எல்லாம் போய்க் குடியேறினார்கள். ஐரோப்பாவிலும் சிலர் தனியாக முயன்றார்கள். வில்லியம் பெட்டி என்பவர் 1660களில் டப்ளினில் இரட்டை உடல் கப்பல்களைக் கட்டிப் பார்த்தார். 1876இல் அமெரிக்கர் நதானியேல் ஹெரஷொஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகோடு நியூயோர்க் போட்டிக்கு வந்து, வந்திருந்த ஒற்றை உடல் படகுகளை எல்லாம் பின்னுக்கு விட்டார். என்ன நடந்தது? இது நியாயமான படகே இல்லை என்று போட்டியில் இருந்து தள்ளிவிட்டார்கள். அடுத்த வருசம் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். எங்கட சொல் எப்படியோ போய் அந்த வகைப் படகில் ஒட்டிக்கொண்டது.

அதாவது மச்சான், பெயர் எங்களுடையது, படகு அவர்களுடையது. கட்டுமரத்தில் ஏறித்தான் ராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் போனான் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். படையையும் யானையையும் சோற்றரிசியையும் கட்டைகளுக்கு மேல் வைத்து வங்கக் கடலைத் தாண்டிப் பாருங்கள், பிறகு கதைப்போம்.

*

சரி, இரண்டு உடல் கலத்துக்கும் எங்கட பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. போஸ்டர் போடுகிறவர்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளுஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், தென்னிந்தியாவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் பெரிய ஒற்றை மரக் கலங்களைச் சேர்த்துப் பிணைத்து ஓட்டினார்கள் என்று சொல்கிறது. அதற்கு அது தருகிற பெயர் 'சங்கரா'. மலையாளத்தின் சங்ஙாடம், பழைய தமிழில் இரட்டைத் தோணியைச் சொல்லும் சங்கடம் என்ற சொல் எல்லாம் இதோடு உறவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உண்மையான இரட்டை உடலுக்கு எங்களிடம் இருந்த சொல் அது. இன்றைக்குச் சங்கடம் என்றால் எங்களுக்குக் கவலை மட்டும்தான். அதைப் பகிர ஒருத்தரும் இல்லை.

அதைவிடக் கிட்டவான சொந்தம் ஒன்று எங்கட கரையிலேயே நிற்கிறது. சிங்களத்தில் 'ஒருவ' என்பார்கள். ஒடுக்கமான நீண்ட வள்ளம், ஒரு பக்கத்தில் இரண்டு வளைந்த கம்புகளின் முனையில் ஒரு மிதவைக் கட்டை. அந்தப் பக்கமிதவைதான் அதன் உயிர். அது இல்லாவிட்டால் அவ்வளவு ஒடுக்கமான வள்ளம் நின்ற இடத்திலேயே கவிழும். நீர்கொழும்பில் இன்றும் பாய் கட்டின ஒருவக்கள் விடியலில் இறால் வலையோடு போகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென்கரையில் 'யாத்ரா' என்ற வணிகக் கப்பல்களே பக்கமிதவையோடுதான் ஓடின.

இந்த வள்ளத்தின் அறிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாதாரணப் பாய்க்கப்பல் கவிழாமல் இருக்க அடியில் பாரம் வைக்கிறது. ஒருவ பாரம் வைப்பதில்லை. அகலத்தை வைத்து நிற்கிறது. அதனால் லேசு, அதனால் வேகம், அதனால் முழங்கால் தண்ணீரிலும் ஓடும். மிதவை எப்போதும் காற்று வருகிற பக்கம்தான் இருக்கவேண்டும். அப்படியென்றால் திரும்பி வரும்போது? வள்ளத்தைத் திருப்ப மாட்டார்கள். பாயை மறுமுனைக்கு மாற்றுவார்கள். அணியம் பின்பக்கம் ஆகும், பின்பக்கம் அணியம் ஆகும். இலங்கைக் கடலில் ஓடும் கலங்களுக்கு இரண்டு பக்கமும் முகப்பு இருந்தது, அதனால் திரும்ப வேண்டியதில்லை என்று ரோமரான பிளினி 1ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

காற்று கூடினால்? ஒரு ஆள் கம்பில் நடந்துபோய் மிதவைப் பக்கம் உட்காருவார். இன்னும் கூடினால் இரண்டாவது ஆள் போவார். அதனால் காற்றின் பலத்தையே 'ஒராள் காற்று', 'இரண்டாள் காற்று' என்று அளந்தார்கள் என்று பிரித்தானியர் காலத்துக் குறிப்புகளில் இருக்கிறது. இப்போது ஒலிம்பிக்கில் ஓடுகிற 'நக்ரா 17' என்ற இரட்டை உடல் படகைக் காணொளியில் பாருங்கள். இரண்டு பேர் இடுப்பில் கம்பி மாட்டிக்கொண்டு, படகின் விளிம்புக்கு வெளியே உடம்பை நீட்டித் தொங்குகிறார்கள். அதுவும் இரண்டாள் காற்றுத்தான். கார்பன் இழையும் கண்ணாடி இழையும் புதுசு, கணக்குப் பழசு.

ஒருவ ஏன் எங்கட போஸ்டரில் இல்லை? அது 'சிங்களப் படகு' என்று நாங்கள் முடிவு பண்ணிவிட்டதால். அவர்கள் பக்கத்துப் போஸ்டர்காரருக்குக் கட்டுமரம் 'தமிழ்ப் படகு'. ஆனால் சிலாபத்தில் இருந்து கற்பிட்டி வரை கரையில் நடந்து காதைத் திறந்து கேளுங்கள். அவர்களுக்கு தெப்பம, எங்களுக்குத் தெப்பம். அவர்களுக்கு வல்லம, எங்களுக்கு வள்ளம். தமிழ் கதைத்த ஊர்கள் இரண்டு மூன்று தலைமுறையில் சிங்களம் கதைக்கிற கரை இது. வலை ஒன்று, காற்று ஒன்று, கடன் ஒன்று. படகுக்கு இனம் ஒட்டுகிற வேலையைக் கரையில் இருக்கிறவன் செய்யவில்லை. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் கீபோர்டுக்கு முன்னால் இருக்கிறவன் செய்கிறான்.

*

இது வெறும் வரலாற்றுச் சண்டை என்றால் நாங்கள் எழுதியிருக்கவே மாட்டோம். இதற்குள் வயிறும் இருக்கிறது.

2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய் வரிசை. எங்கட கரையில் சின்னப் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. மாசக் கணக்கில் எண்ணெய் இல்லை. ஓகஸ்ட் மாசம் விலையை மாற்றினார்கள். லீற்றர் 87 ரூபாயாக இருந்தது ஒரே இரவில் 340 ரூபாய். கடலில் மீன் இருந்தது, மேலே காற்றும் இருந்தது. படகுகள் மணலில் கிடந்தன.

அடுத்த மாசக் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தது. காசு சேர்த்துப் போய்ப் பார்த்தோம். கோடிக்கரைக்கும் இலங்கைக்கும் நடுவில் தனியாகப் படகு ஓட்டுகிற பூங்குழலிக்கு விசில் அடித்தோம். திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: 'நான் அம்மப்பாட படகுல ஏறினா அம்மா என்னைய வீட்டுக்குள்ள விடுவாவா?' பதில் சொல்ல ஆள் இல்லை. சினிமாவில் படகோட்டும் பெண் தமிழ்ப் பெருமை. உடப்பில் படகோட்டும் பெண் ஊர்க் கதை. நக்ரா 17 போட்டியில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் ஓட்டவேண்டும் என்பது விதி.

எண்ணெய் விலை 2022இல் மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகச் சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்துப்போனார். முந்தலில் இருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போகிற ஊர் அது. எண்ணெய் என்ற ஒரே கயிற்றில் ஒரு கரையின் உயிரை முழுக்கத் தொங்க விட்டால், அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறதோ அவன் எங்களை ஆட்டுவான்.

அந்தப் பிள்ளையின் அம்மப்பா 2022இல் ஒரு வேலை செய்தார். கண்ணாடி இழைப் படகில் இருந்த எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்தார். ஒரு மூங்கிலும், லொறிக்குப் போடுகிற தார்ப்பாயில் ஒரு துண்டும், பழைய கயிறும் எடுத்தார். பாயைக் கட்டினார். பொடியன்கள் சிரித்தார்கள். கரைக்குக் கிட்டவாக வலை விரித்துவிட்டு மத்தியானம் வந்தார். பெரிய மீன் இல்லை, வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கறிக்குக் காணும். 'காத்துக்குக் காசு கேக்கிறவன் இன்னும் பொறக்கல' என்றாராம்.

அவருக்குத் தெரியாது. பிறந்துவிட்டான்.

எங்கட வடக்கே கற்பிட்டிக்குப் போய்ப் பாருங்கள். மே மாசம் கச்சான் எழும்பினால் களப்பு முழுக்க வண்ணப் பட்டங்கள். காற்றாடிச் சறுக்கு. உலகத்தில் நல்ல காற்று அடிக்கிற இடங்களில் ஒன்று என்று வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். நாங்களும் போனோம். ஒரு இடத்தில் வகுப்புக்கு எவ்வளவு என்று கேட்டோம். விலையை டொலரில் சொன்னார்கள். எங்களுக்கு ரூபாயிலேயே இல்லை. பட்டம் கொண்டுவந்து பறக்கிறவரில் எங்களுக்குக் கோபம் இல்லை, அவர் காற்றை மதித்து வந்திருக்கிறார். கோபம் வேறு இடத்தில். கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டபோது, அங்கே தலைமுறையாக வாடி போட்டுத் தொழில் செய்த மீனவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்று அவர்களே போராடினார்கள். மாம்புரியில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அரசுக்குக் காற்று மின்சாரம், ஹோட்டலுக்குக் காற்று டொலர். எங்கட ஆட்களுக்கு மட்டும் காற்று என்றால் 'இன்டைக்குத் தொழிலுக்குப் போகேலாது' என்ற அறிவிப்பு.

இதற்குள் அந்தச் சொல்லும் திரும்பி வந்துவிட்டது. இந்தக் கரைகளில் இருந்து கட்டுமரமாகப் போன சொல், இப்போது ஆங்கிலம் வழியாகச் சுற்றி 'கெட்டமரான் குரூஸ்' என்று விளம்பரப் பலகையில் வந்து நிற்கிறது. சூரிய அஸ்தமனம், இசை, பானம் உட்பட, ஒரு ஆளுக்கு இத்தனை டொலர். சொல்லுக்குச் சொந்தக்காரனுக்கு அதில் வேலை கிடைத்தால் கயிறு இழுக்கிற வேலை.

*

உலகம் இதற்குள் எங்கே போய்விட்டது என்பதையும் பாருங்கள். அமெரிக்கா கிண்ணம் என்ற பழைய பணக்காரப் போட்டி 2013இல் 72 அடி இரட்டை உடல் படகுகளில் நடந்தது. 1876இல் ஹெரஷொஃபைத் தள்ளின அதே உலகம்தான். 2017 ஜனவரியில் பிரான்சின் பிரான்சிஸ் ஜோயோனும் அவரோடு போனவர்களும் மூன்று உடல் பாய்ப்படகு ஒன்றில் நிற்காமல் உலகத்தை 41 நாளுக்குள் சுற்றி வந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெயைக் கொண்டு தள்ளவில்லை.

அது கோடிக்கணக்கில் காசு உள்ளவர்களின் விளையாட்டு என்பீர்கள். சரி, காசு இல்லாதவர்களைப் பார்ப்போம். ஹவாய்.

1970களில் ஹவாய்ப் பூர்வீக மக்களின் நிலை என்ன? மொழி செத்துக்கொண்டிருந்தது, காணி போய்விட்டது, முன்னோர் தற்செயலாக அலையில் அடிபட்டுத்தான் தீவுக்கு வந்தார்கள் என்று வெள்ளைக்காரப் புத்தகம் சொன்னது. அவர்கள் போஸ்டர் அடித்துப் பகிரவில்லை. 'ஹோகுலேயா' என்ற ஓர் இரட்டை உடல் பாய்க்கலத்தைக் கட்டினார்கள். அப்போது ஒரு பிரச்சினை வந்தது. நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்துக் கடல் கடக்கத் தெரிந்த ஆள் ஹவாயில் ஒருத்தரும் மிச்சம் இல்லை. மைக்ரோனீசியாவின் சத்தவால் என்ற குட்டித் தீவில் இருந்து மௌ பியாலுக் என்ற மாலுமியைக் கூப்பிட்டார்கள். அந்த அறிவு குடும்பத்துக்குள் காக்கிற அறிவு. அவர் வெளியாருக்குச் சொல்லிக் கொடுத்தார், ஏனென்றால் சொந்தத் தீவிலேயே இளம் ஆட்கள் கற்க முன்வரவில்லை. 1976இல் ஒரு கருவியும் இல்லாமல் ஹவாயில் இருந்து தஹிட்டிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு தலைமுறையே பாய் பிடிக்கப் பழகியது. 2017இல் அதே கலம் உலகத்தைச் சுற்றி முடித்துத் திரும்பியது.

நாங்கள் சொல்லைக் காப்பாற்றினோம். அவர்கள் வேலையைக் காப்பாற்றினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்களிடம் மௌ பியாலுக் இல்லையா? இருக்கிறார். வெற்றிலை போட்டுக்கொண்டு கரையில் வலை பொத்துகிறார். கொண்டல், கச்சான், வாடை, சோளகம் என்று ஒவ்வொரு காற்றும் எந்த நீரோட்டத்தோடு வரும், எந்த மீனைக் கொண்டுவரும் என்று அவருக்குத் தெரியும். பருமல், தாமான், அணியம் என்று அவர் வாயில் இருக்கிற சொற்கள் எங்கட பட்டப்படிப்பில் எந்தப் பாடத்திலும் இல்லை. எங்களில் ஒருத்தர் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதலாமா என்று கேட்டபோது கிடைத்த பதில்: 'இதெல்லாம் ஒரு தலைப்பா? இலக்கியத்தில் ஏதாவது எடுங்க.' நெய்தல் நிலத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணலாம், நெய்தலில் இருக்கிற ஆளிடம் போய்க் கேட்கக்கூடாது.

*

இனி எங்களுக்கு வரப்போகிற அடிகள் தெரியும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறோம்.

'எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னுக்குப் போகச் சொல்கிறீர்களா?' இல்லை. எஞ்சின் வந்ததால் எங்கட தாத்தாமாரின் முதுகு தப்பியது. புயல் வருது என்றால் ஓடி வர எஞ்சின் வேணும். காற்று விழுந்த நாளில் வீட்டுக்கு வர எஞ்சின் வேணும். நாங்கள் சொல்வது எஞ்சினோடு பாயும் இருக்கட்டும் என்று. எஞ்சின் நடுக்கடலில் நின்றால் மடித்து வைத்த ஒரு பாய் உயிர் காக்கும். காற்று வாகாக இருக்கிற நாளில் திரும்பி வருகிற பயணத்துக்காவது எண்ணெய் மிஞ்சும். கண்ணாடி இழைப் படகில் பாய் கட்டேலாது என்பவர் அந்த அம்மப்பாவைப் போய்ப் பார்க்கலாம்.

'பசியில் இருக்கிறவனுக்குப் படகு விளையாட்டா?' சென்னைக்குத் தெற்கே கோவளம் என்ற மீனவக் கிராமத்தில் இப்போது மீனவ இளைஞர்களே அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார்கள், போட்டிகளில் ஜெயிக்கிறார்கள். அறுகம்குடாவிலும் கரைப் பிள்ளைகள் பலகையோடு நிற்கிறார்கள். அலையை முதலில் படித்தவன் மீனவன்தான். அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க அவனுக்கு மட்டும் ஏன் தடை? கற்பிட்டிக் காற்றுக்கு வெளியூர் ஆள் ஆசிரியராக வரலாம், முந்தல் பிள்ளை வரக்கூடாதா?

'பழமைவாதம் பேசுறீங்க.' பழமைவாதம் என்பது செத்துப்போன ராசாவின் கப்பலைப் பற்றி உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கிற கிழவரின் வள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது.

கிழவர் தலைமுறை புனிதமானது என்றும் நாங்கள் சொல்லவரவில்லை. பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில் கால் வைத்தால் ஆகாது என்று சொன்னதும் அவர்கள்தான். யார் எந்தப் பாட்டில் வலை போடலாம் என்று சாதியும் காசும் தீர்மானித்ததும் அந்தக் காலத்தில்தான். அறிவை வாங்குவோம், அந்தக் கணக்கை வாங்கமாட்டோம்.

*

எங்களுக்கு என்ன வேணும் என்று தெளிவாகச் சொல்கிறோம்.

முந்தல் களப்பு ஆழம் குறைந்தது, அலை இல்லை. பாய் பழக அதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. அதைச் சுற்றியிருக்கிற தமிழ், சிங்களப் பாடசாலைகளுக்கு, முஸ்லிம் பாடசாலைகளும் சேர்த்து, நீச்சலும் பாய்ப்படகும் விளையாட்டுப் பாடமாக வரவேண்டும். கிரிக்கெட்டுக்கு மைதானம் வெட்டக் காசு இருக்கிற நாட்டில், இயற்கை இலவசமாக வெட்டித் தந்த மைதானம் இது. அந்த மைதானம் மிஞ்சவேண்டும் என்றால் இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டினதும், கழிவு நீரைக் களப்புக்குள் விட்டதும் போதும். கரைக்கு இறங்குகிற பாதைகளை வேலி போட்டு அடைக்கக்கூடாது. பழைய மீனவர்களின் கடல் சொற்களையும் பாய் வேலையையும் பதிவு செய்கிற வேலையைக் கலைப்பீடங்கள் எடுக்கவேண்டும், அதுவும் அவர்களைத் தகவல் தருகிறவராக அடிக்குறிப்பில் போடாமல் ஆசிரியராகக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து.

யாரும் உடனே தரப்போவதில்லை என்று தெரியும். அதனால் நாங்கள் எங்கட பங்கைத் தொடங்கிவிட்டோம். போன விடுமுறையில் மீனுக்குப் போகாமல் மணலில் கிடந்த இரண்டு சின்னக் கண்ணாடி இழைத் தெப்பங்களைக் கேட்டு வாங்கினோம். நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு இடைவெளி விட்டு, குறுக்கே மூன்று கமுக மரம் வைத்து, அந்த அம்மப்பா சொன்னபடி கயிற்றால் இறுக்கினோம். ஆணி அடிக்க விடவில்லை. அலையில் ஆணி உடைக்கும், கயிறு விட்டுக்கொடுக்கும் என்றார். மூங்கில் பாய்மரம், தார்ப்பாய்ப் பாய். முதல் நாள் களப்பில் நூறு யார் போய்ச் சேற்றில் ஏறினோம். இரண்டாம் நாள் காற்றுக்கு எதிரே வரத் தெரியாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தோம். கரையில் நின்றவர்கள் சிரித்ததை இங்கே எழுதேலாது. நாலாம் நாள் அவளே சுக்கானைப் பிடித்தாள். பாய் நிறைந்தது, கயிறு முறுகினது, இரண்டு தெப்பமும் ஒன்றாக எழும்பி ஓடத் தொடங்கியது. ஒரு எஞ்சின் சத்தமும் இல்லை. அவளின் அம்மா கரையில் நின்றுகொண்டுதான் இருந்தா. கூப்பிடவில்லை.

கட்டு. மரம். அந்தச் சொல்லை முதல் தடவையாக எங்கட கையால் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வருகிற டிசம்பர் விடுமுறையில் திரும்பவும் இறக்குவோம். மிதவைச் சட்டை ஆறு சேர்த்திருக்கிறோம், இன்னும் வேணும். பெரியவர்கள் இரண்டு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை வாசிக்கிற நீங்கள் தமிழோ, சிங்களமோ, முஸ்லிமோ, பெண்ணோ, ஆணோ, நீந்தத் தெரிந்தால் வாங்க. நீந்தத் தெரியாட்டியும் வாங்க, முதல் வகுப்பு அதுதான். பழைய தார்ப்பாய், நைலோன் கயிறு, மூங்கில் இருந்தால் கொண்டு வாங்க.

போஸ்டர் மட்டும் வேண்டாம்.